நஜஃபில் ஒரு அபூ உமர்

15 நவம்பர் 2024, வெள்ளி – நஜஃப்

என் பெயர் உமர் ஃபாரூக். காயல்பட்டினத்தில் எங்கள் தெருவிலேயே நாலு உமர் உண்டு. அடைமொழி வைத்துத்தான் கூப்பிடுவார்கள். இராக்கில், நஜஃப் விடுதியில் கடவுச்சீட்டை நீட்டியபோதுதான் அந்தப் பெயருக்கு ஒரு கனம் இருப்பது உறைத்தது. மேசையில் இருந்த பையன் பெயரைப் படித்தான், என் முகத்தைப் பார்த்தான், மறுபடி பெயரைப் படித்தான். அப்புறம் நகல் எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தான். வேறொன்றும் நடக்கவில்லை. ஆனாலும் மாடி ஏறும்வரை முதுகு கூசியது.

முஹம்மது நபிக்குப் பின் முஸ்லிம்களுக்குத் தலைமை ஏற்றவர்களில் இரண்டாமவரான, இரண்டாம் கலீஃபாவின் பெயர் அது. அந்தத் தலைமை நபியின் மருமகன் அலிக்கே உரியது என்று நம்பும் ஷீஆ வீடுகளில் இன்று பொதுவாகப் பிள்ளைக்கு வைக்கமாட்டார்கள். 2006, 2007 வாக்கில் பாக்தாதில் காரை மறித்து அடையாள அட்டையைப் பார்த்து, இந்தப் பெயருக்காகவே ஆட்களைக் கொன்றிருக்கிறார்கள். பெயரை மாற்றிக்கொண்ட உமர்களும் உண்டு. நாங்கள் சுன்னிகள். இதெல்லாம் தெரிந்துதான் வந்தேன். வாப்பாவுக்கு 71 வயது. மதரசாவில் அரபி சொல்லிக்கொடுத்தே காலத்தைக் கழித்தவர். "கர்பலாவ ஒரு தடவ கண்ணால பாத்துரணும்டா" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "மக்கா, மதீனா போகலாமே, அங்க எதுக்கு?" என்று உம்மா கேட்டதற்கு, "ஹுஸைன் நமக்கும் பேரப்பிள்ளதானே" என்றார். கர்பலாவில் கொல்லப்பட்ட ஹுஸைன், அலியின் மகன், நபியின் பேரர். அதற்குமேல் உம்மா பேசவில்லை.

ஊர் முழுக்கக் கறுப்புத் துணி. நபியின் மகள் ஃபாத்திமாவின் மறைவுக்குத் துக்கம் காக்கும் நாட்கள் இவை. எந்தத் தேதியில் மறைந்தார் என்பதில் அறிவிப்புகள் வேறுபடுவதால், ஒன்றுக்கு மேற்பட்ட முறை துக்கம் காக்கிறார்கள்.

சாயங்காலம் கடைத்தெருவில் தேநீர். இஸ்திகான் என்கிற இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் குவளையில் கறுப்பாக வருகிறது. கால்வாசிக்குச் சர்க்கரை அடியில் அப்படியே நிற்கிறது. விலை 500 தினார். ஆயிரம் தினார் என்பது சுமார் 56 ரூபாய். கடைக்காரர் வாப்பாவைப் பார்த்து, "அபூ யார்?" என்றார். மூத்த பிள்ளையின் பெயரோடு 'இன்னாரின் தகப்பன்' என்று கூப்பிடுவது அரபு நாட்டு மரியாதை. வாப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, மதரசா அரபியில், கணீரென்று சொன்னார்: "அபூ உமர்."

சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. பக்கத்தில் இருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். கடைக்காரர் சிரித்துவிட்டார். "உங்களை ஹாஜி என்றே கூப்பிடுகிறேன், ஐனீ." ஐனீ என்றால் என் கண்ணே. இந்த ஊரில் பெரிய மீசைக்காரர்கள்கூட ஒருவரையொருவர் கண்ணே என்றுதான் கூப்பிடுகிறார்கள். 500 தினாரில் அவர் எதையும் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை.

இரவுத் தொழுகைக்கு அலி அவர்களின் கபர் இருக்கும் ஸியாரத்துக்குப் போனோம். பொற்குவிமாடம், உள்ளே கண்ணாடிச் சில்லு பதித்த சுவர்கள், தலைக்கு மேலே ஒளி தூளாகத் தெறிக்கிறது. வாப்பா தக்பீர் சொல்லித் தொழுகையைத் தொடங்கிக் கையைக் கட்டுவதற்கு முன்பே, பக்கத்தில் இருந்த முதியவர் ஒரு வட்டமான களிமண் வில்லையை அவர் நெற்றி படும் இடத்தில் நகர்த்தி வைத்துவிட்டார். துர்பா. கர்பலா மண்ணில் செய்தது. அவர்கள் ஸஜ்தாவில் நெற்றியை அதில்தான் வைப்பார்கள். கைகளையும் நம்மைப்போலக் கட்டாமல் தொங்கவிட்டுத் தொழுவார்கள். கட்டிய கையைப் பார்த்ததும் முதியவருக்குப் புரிந்துவிட்டது. சத்தமில்லாமல் வில்லையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். தொழுகை முடிந்ததும் வைத்ததற்காக அவர் மன்னிப்புக் கேட்க, எடுக்க வைத்ததற்காக வாப்பா மன்னிப்புக் கேட்டார். ஒருவர் இராக்கிப் பேச்சு அரபி, மற்றவர் இலக்கண அரபி. யார் யாரை மன்னித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

16 நவம்பர், சனி – நஜஃப்

காலையில் வாதிஸ் ஸலாம். அமைதிப் பள்ளத்தாக்கு என்று பெயர். உலகத்தின் மிகப் பெரிய கபரஸ்தான்களில் ஒன்று. செங்கல் நிறத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் கல்லறைகள், நடுநடுவே சிறு குவிமாடங்கள், இறந்தவரின் படம் போட்ட பதாகைகள். அலியின் பக்கத்தில் அடங்க வேண்டும் என்று தூரதேசத்திலிருந்தும் கொண்டுவருகிறார்கள். ஒரு காரின் கூரையில் கட்டிய பெட்டி எங்களைக் கடந்து போனது. பின்னாலேயே நாய் ஒன்று ஓடியது. வெயில் இதமாகத்தான் இருந்தது, தூசிதான் தொண்டையை அறுத்தது.

மதியம் ஒரு லக்னோ பையன் அகப்பட்டான். இங்குள்ள ஹவ்ஸா என்னும் மார்க்கக் கல்விக்கூடத்தில் ஆறு வருஷமாகப் படிக்கிறான். என்னோடு உருதுவும் வாப்பாவோடு அரபியும் பேசினான். வாப்பாவை "சாச்சா" என்றான். "தமிழ்நாட்டில் ஷீஆக்கள் உண்டா?" என்று கேட்டான். சென்னை ஆயிரம் விளக்கைச் சொன்னேன். முஹர்ரத்துக்கு ஆயிரம் விளக்கு ஏற்றிய இடத்தில் எழுந்த ஷீஆப் பள்ளிவாசல்தான் அது. எனக்கே ரொம்ப நாள் அது பஸ் ஸ்டாப்பின் பெயராகத்தான் தெரியும்.

அவன் எங்களை ஒரு இனிப்புக் கடைக்குக் கூட்டிப்போனான். தஹீன் என்பது நஜஃபின் அல்வா. நெய் கையில் வழியும், மேலே தேங்காய்த் துருவல். அதைத் தின்றுகொண்டே இருவரும் 632ஆம் வருஷத்துக்குப் போய்விட்டார்கள்.

அவன் கதீர் கும்மில் ஆரம்பித்தான். நபி தம் கடைசி ஹஜ்ஜை முடித்துத் திரும்பும் வழி. மக்காவுக்கும் மதீனாவுக்கும் நடுவே ஒரு நீர்நிலை. கூட்டத்தை நிறுத்தி, அலியின் கையைத் தூக்கி, "நான் எவருக்கு மௌலாவோ, அவருக்கு இந்த அலியும் மௌலா" என்றார்கள். "இதைவிடத் தெளிவாக ஒரு வாரிசை எப்படி அறிவிப்பது, சாச்சா?" என்றான்.

வாப்பா இந்த ஹதீஸை, நபிமொழியை, மறுக்கவில்லை. சுன்னிக் கிரந்தங்களிலும் அது உண்டு. விரலில் இருந்த நெய்யைத் துடைத்துவிட்டு, "மௌலான்னா என்ன?" என்று வாத்தியார் தோரணையில் கேட்டார். எஜமான், நண்பன், உதவி செய்பவன், நெருங்கியவன், விடுதலை பெற்ற அடிமை. எல்லாமே அந்த ஒரே சொல்தான். அன்பையும் ஆதரவையும் சொன்னார்கள், ஆட்சியைச் சொல்லவில்லை என்பது சுன்னிகளின் வாசிப்பு. தலைமையை ஒப்படைத்தார்கள் என்பது ஷீஆக்களின் வாசிப்பு. இத்தனை இரத்தமும் ஓர் அகராதிப் பதிவைச் சுற்றித்தானா என்று எனக்குத் தலை சுற்றியது. ஆனால் வாப்பாவின் முகத்தில் வகுப்பு எடுக்கும் சந்தோஷம் இருந்தது. அதைக் கெடுக்கவில்லை.

கதீருக்குப் பிறகு மூன்று மாதம்கூட ஆகவில்லை, நபி மதீனாவில் மறைந்தார்கள். அலியும் குடும்பத்தாரும் ஜனாஸாவை, அதாவது உடலை, குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஊர்க்காரர்களான அன்சாரிகள் பனூ சாஇதா குலத்தாரின் ஸகீஃபாவில் கூடிவிட்டார்கள். ஸகீஃபா என்றால் கூரை போட்ட கூடம், நம்மூர்த் திண்ணை மாதிரி. தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்க அவர்கள் யோசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நபித்தோழர்கள் அபூபக்ர், உமர், அபூ உபைதா மூவரும் விரைந்தார்கள். கடும் வாக்குவாதம். கடைசியில் உமர் கையை நீட்டி அபூபக்ருக்கு பைஅத் செய்தார். அதாவது கைலாகு கொடுத்து விசுவாசம் சொன்னார். மற்றவர்கள் தொடர்ந்தார்கள். அபூபக்ர் முதல் கலீஃபா ஆனார். அலி அந்த இடத்திலேயே இல்லை.

"அன்னிக்கு அபூபக்ர் அங்க போகலன்னா ஊரு ரெண்டாயிருக்கும்" என்றார் வாப்பா.

"போனதால்தான் ரெண்டாச்சு, சாச்சா" என்றான் பையன்.

இருவரும் இன்னொரு தட்டு தஹீன் சொன்னார்கள். பணம் கொடுத்தது நான்.

17 நவம்பர், ஞாயிறு – கூஃபா

நஜஃபை ஒட்டியே இருக்கிறது கூஃபா. டாக்ஸிக்காரர் 5,000 தினார் வாங்கினார். வரும்போது இன்னொருவர் 3,000தான் கேட்டார். இரண்டு பேருமே நெஞ்சில் கை வைத்துத்தான் விலை சொன்னார்கள்.

638இல் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் என்ற தளபதி படை முகாமாக உண்டாக்கிய ஊர் இது. மூன்றாம் கலீஃபா உஸ்மானை 656இல் மதீனாவில் கலகக்காரர்கள் அவர் வீட்டுக்குள்ளேயே கொன்ற பிறகு, அலி கலீஃபா ஆனார். தலைநகரை இங்கே மாற்றினார். உஸ்மானின் உறவினரான சிரியா ஆளுநர் முஆவியா, கொலைக்குப் பழிவாங்காமல் பைஅத் இல்லை என்றார். அதற்கு முன்பே பஸ்ராவுக்கு அருகே நபியின் மனைவி ஆயிஷாவின் தரப்போடு ஒரு போர். அதில் ஆயிஷாவின் தம்பி முஹம்மத் இப்னு அபீபக்ர் அலியின் பக்கம் நின்றார். முதல் கலீஃபா அபூபக்ரின் மகளும் மகனும் எதிரெதிர் அணியில். இந்தத் தகவலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 'இவர்கள் சுன்னி, இவர்கள் ஷீஆ' என்று அந்தக் காலத்தைக் கோடு போட்டுப் பிரிக்கிறவர்கள்மேல் சந்தேகம் வரும். ஷீஅத்து அலி என்றால் அப்போது அலியின் கட்சி. அவ்வளவுதான் பொருள். உஸ்மானின் கட்சிக்கும் ஷீஆ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தன்னை 'சுன்னி' என்று சொல்லிக்கொண்டவர் அன்றைக்கு யாரும் இல்லை.

657இல் ஸிஃப்ஃபீனில் முஆவியாவின் படையினர் ஈட்டி முனையில் குர்ஆன் ஏடுகளைத் தூக்கிக் காட்டி மத்தியஸ்தம் கேட்டார்கள். அலி ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதே குற்றம் என்று அவர் ஆட்களில் ஒரு கூட்டம் பிரிந்து போனது. காரிஜிய்யாக்கள். அலியைக் கொன்றது முஆவியாவின் ஆளல்ல, இந்தப் பிரிந்து போன கூட்டத்தில் ஒருவன். 661 ரமழான் விடியலில், இதே கூஃபாப் பள்ளியில், விஷம் தோய்ந்த வாளால். தொழுகை நடத்துபவர் நிற்கும் அந்த மிஹ்ராப் மாடத்துக்கு முன் பொன்னிறக் கிராதி போட்டிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் அழுதாள். நேற்று இறந்த அண்ணனுக்கு அழுவதுபோல.

எங்கள் ஊரில் முஸ்லிம் இப்னு அகீலைப் பற்றி யாரும் விளக்கிச் சொன்னதில்லை. இங்கே அவர் கபரில்தான் கூட்டம். "வாருங்கள், உங்களுக்குப் பைஅத் தருகிறோம்" என்று கூஃபாக்காரர்கள் ஹுஸைனுக்குக் கட்டுக் கட்டாகக் கடிதம் எழுதினார்கள். நிலவரம் பார்க்க அவர் அனுப்பிய ஒன்றுவிட்ட சகோதரர்தான் முஸ்லிம். 18,000 பேர் கை கொடுத்தார்கள் என்கிறது வரலாறு. புதிய ஆளுநர் இப்னு ஸியாத் வந்து மிரட்டினார். ஒருநாள் மாலைத் தொழுகை முடிந்து திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஒருவர்கூட இல்லை. தெருத் தெருவாக அலைந்தவருக்கு, வாசலில் மகனுக்காகக் காத்திருந்த தவ்ஆ என்ற மூதாட்டி தண்ணீர் கொடுத்தாள். குடித்த பிறகும் போகாமல் நின்றவரிடம் "உனக்கு வீடில்லையா?" என்று கேட்டாள். உள்ளே வைத்துக் காப்பாற்றினாள். வீடு திரும்பிய மகன் காட்டிக்கொடுத்துவிட்டான்.

இந்தக் கதையைச் சொன்ன பள்ளிவாசல் ஊழியர் அடுத்து கர்பலாவில் படை நடத்தியவனைத் திட்ட ஆரம்பித்தார். "உமர், ஸஅதின் மகன்!" ஆமாம், ஊரை உண்டாக்கிய அதே ஸஅதின் மகன். ரய் நகரத்து ஆளுநர் பதவிக்கு ஆசைப்பட்டுப் போனவன். வாப்பா என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். ஊழியரிடம், "அலிக்கும் உமர் என்று ஒரு மகன் இருந்தாரே. உஸ்மான் என்று ஒரு மகன் கர்பலாவில் ஹுஸைனோடு உயிர் கொடுத்து ஷஹீதானாரே" என்றார். ஊழியர் அசரவில்லை. அந்த உஸ்மான் மூன்றாம் கலீஃபாவின் பெயரல்ல, உஸ்மான் இப்னு மழ்ஊன் என்ற நபித்தோழரின் பெயர் என்று உடனே பதில் வந்தது. இந்த ஊரில் எல்லாக் கேள்விக்கும் 1,300 வருஷமாகத் தயாராக ஒரு பதில் இருக்கிறது.

வெளியே வந்தால் வாப்பாவின் செருப்பைக் காணோம். கிஷ்வானிய்யா என்கிற செருப்புக் காப்பகத்தில் டோக்கன் சரியாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பொந்தில் இருந்தது வேறொருவரின் பழுப்பு நிறத் தோல் செருப்பு. அரை மணி நேரம் காத்திருந்தும் யாரும் வரவில்லை. "போட்டுட்டுப் போங்க, அவரும் உங்களோடதைப் போட்டுட்டுத்தான் போயிருப்பார்" என்றான் அங்கிருந்த பையன். ஒரு அளவு பெரியது. வாப்பா சறுக்கிச் சறுக்கி நடந்தார்.

18 நவம்பர், திங்கள் – கர்பலா வழி

நஜஃபிலிருந்து கர்பலா 80 கிலோமீட்டர். மினி பஸ்ஸை எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் இங்கே 'கியா' என்றுதான் சொல்கிறார்கள். அர்பயீன் காலத்தில் இந்தச் சாலையில் கோடிக்கணக்கில் ஜனம் நடக்கும். ஹுஸைன் இறந்த நாற்பதாம் நாளின் நினைவு அது. சாலையோரத் தூண்களுக்கு எண் போட்டிருக்கிறார்கள். ஐம்பது மீட்டருக்கு ஒன்று, 1452இல் முடியும். இப்போது சாலை காலி. கொடிகள் வெளுத்துக் கிழிந்து தொங்குகின்றன.

எங்கள் கியா 832ஆம் தூணருகே புகை விட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி, மூடியைத் திறந்து பார்த்து, "இன்ஷா அல்லாஹ் பத்து நிமிஷம்" என்றார். பத்து நிமிஷம் என்பதன் பொருள் புரிந்தவர்கள் இறங்கி நடந்தார்கள். நாங்களும். பெரிய செருப்போடு வாப்பா 871 வரைதான் வந்தார், இரண்டு கிலோமீட்டர். குதிகாலில் கொப்புளம்.

அங்கே ஒரு மௌகிப். யாத்ரீகர்களுக்குச் சோறும் படுக்கையும் இலவசமாகக் கொடுக்கும் கொட்டகை. இப்போது ஆளில்லாமல், அண்டாக்கள் கவிழ்த்து அடுக்கி, ஒரு காவலாளி மட்டும். பேசின் கொண்டுவந்து வாப்பாவின் காலை அவரே கழுவ உட்கார்ந்துவிட்டார். வாப்பா காலை இழுக்க, அவர் விடவில்லை. காய்ந்த எலுமிச்சையைப் போட்டுக் கொதிக்க வைத்த நூமி பஸ்ரா தேநீர் கொடுத்தார். புளிப்பும் லேசான கசப்பும் நாக்கைச் சுண்டியது. பிறகு அந்தக் கேள்வி வந்தது. "அபூ யார்?"

வாப்பா ஒரு நொடி என்னைப் பார்த்தார். "அபூ ஃபாத்திமா" என்றார்.

என் தங்கை ஃபாத்திமா. பொய் இல்லை. காவலாளி நெஞ்சில் கை வைத்து, "அவர்களுக்கு என் உயிர் அர்ப்பணம்" என்று நபியின் மகளை நினைத்துச் சொன்னார். காசு கொடுத்ததற்குக் கோபித்துக்கொண்டார். பஸ்ஸில் ஏறியதும் வாப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கர்பலா வரை பேசவே இல்லை.

19 நவம்பர், செவ்வாய் – கர்பலா

காலையில் கீமா. கொண்டைக்கடலையையும் இறைச்சியையும் அடையாளம் தெரியாத அளவு குழைத்து, காய்ந்த எலுமிச்சை மணத்தோடு சோற்றின்மேல் ஊற்றுகிறார்கள். 6,000 தினார். இரண்டு பேர் சாப்பிடலாம்.

ஹுஸைனின் கபரும் அவர் தம்பி அப்பாஸின் கபரும் எதிரெதிரே. நடுவில் பளிங்குத் திடல். சின்ன வயதில் வாப்பா சொல்லிக் கேட்ட கதை இந்தத் தரையில்தான் நடந்தது. முஆவியா 680இல் இறந்ததும் மகன் யஸீத் பைஅத் கேட்டார். ஹுஸைன் மறுத்தார். கூஃபாவின் கடிதங்களை நம்பிக் குடும்பத்தோடு கிளம்பினார். முஸ்லிம் கொல்லப்பட்ட செய்தி பாதி வழியில்தான் கிடைத்தது. முஹர்ரம் பிறை இரண்டில் இங்கே மறித்தார்கள். ஏழாம் நாளிலிருந்து ஃபுராத் (யூப்ரடீஸ்) நதித் தண்ணீரைத் தடுத்தார்கள். பத்தாம் நாள், 680 அக்டோபர் 10, எல்லாம் முடிந்தது. ஹுஸைனோடு நின்றவர்கள் 72 பேர் என்பது வழக்கம். தண்ணீர் கொண்டுவரப் போன அப்பாஸ், கைக்குழந்தை அலி அஸ்கர் எல்லாரும். எதிர்ப்படையிலிருந்து ஹுர் என்ற தளபதி கடைசி நேரத்தில் இந்தப் பக்கம் வந்து சேர்ந்து இறந்தார். பெண்களைக் கைதிகளாக்கிக் கூஃபாவுக்கும் அங்கிருந்து டமாஸ்கஸுக்கும் நடத்திப் போனார்கள். யஸீதின் சபையில் ஹுஸைனின் சகோதரி ஸைனப் எழுந்து பேசினார்.

ஸகீஃபாவில் நடந்தது பதவித் தகராறு. அது காலப்போக்கில் ஆறியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். அலியே முதல் மூன்று கலீஃபாக்களின் காலத்தை ஒதுங்கியும் ஆலோசனை சொல்லியும் கடந்தவர். மூத்த மகன் ஹஸன் 661இல் முஆவியாவோடு சமாதானமும் செய்துகொண்டார். ஆனால் இந்தத் திடலில் விழுந்த இரத்தத்துக்குச் சமாதானம் பேச ஆள் இல்லை. கட்சி மதப்பிரிவாக மாறத் தொடங்கியது இங்கேதான். கைவிட்ட கூஃபாக்காரர்களே நாலு வருஷம் கழித்து 'தவ்பா செய்தவர்கள்', பாவத்துக்கு வருந்தியவர்கள், என்ற பெயரோடு இந்தக் கபருக்கு வந்து அழுதுவிட்டு, முஆவியாவின் குலமான உமய்யாக்களின் படையோடு மோதிச் செத்தார்கள்.

வாப்பாவுக்கு ஒரு சங்கடம். நாங்கள் முஹர்ரம் பத்தாம் நாளான ஆஷூரா அன்று நோன்பு வைப்போம். மூஸா நபி எகிப்து மன்னன் ஃபிர்அவ்னிடமிருந்து தப்பிய நாள் என்று நன்றி நோன்பு. இங்கே அதே நாள் ஒப்பாரி. "நாம நோன்பு தொறக்குறப்ப இவங்க என்ன நெனப்பாங்க?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. நஜஃபில் லக்னோ பையனிடம் வாப்பா ஒரு கவிதையை ஓதிக் காட்டியது நினைவுக்கு வந்தது. எங்கள் மத்ஹபின், அதாவது நாங்கள் பின்பற்றும் மார்க்கச் சட்ட வழியின், இமாம் ஷாஃபி பாடியதாகச் சொல்லப்படுவது. முஹம்மதின் குடும்பத்தை நேசிப்பது ராஃபிளி ஆவதென்றால், மனிதரும் ஜின்களும் சாட்சியாக நானும் ராஃபிளியே என்று. ராஃபிளி என்பது ஷீஆக்களை வசைபாடும் சொல். பையன் அசந்து போய், தன் பையிலிருந்த துர்பா ஒன்றை வாப்பாவிடம் கொடுத்திருந்தான். அது இப்போது வாப்பாவின் கண்ணாடிக் கூட்டில் கைக்குட்டையில் சுற்றி இருக்கிறது. கண்ணாடி சட்டைப்பையில்.

நாளையும் மறுநாளும் நாடு முழுக்க ஊரடங்கு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இதைச் சாயங்காலம்தான் தெரிந்துகொண்டோம். எல்லாரும் வீட்டுக்கு ஓடுகிறார்கள். பாக்தாதுக்குப் பங்கு டாக்ஸி ஆளுக்கு 10,000 என்று கேள்விப்பட்டிருந்தோம், 25,000 கொடுத்தோம்.

20, 21 நவம்பர் – பாக்தாத், காழிமிய்யா

இரண்டு நாள் விடுதிக்குள். ஜன்னலைத் திறந்தால் பூனைகள் மட்டும். முழு நாட்டையும் எண்ணுவது 1987க்குப் பிறகு இதுதான் முதல் தடவையாம். கடையெல்லாம் மூடல். விடுதிக்காரர் தன் வீட்டுச் சாப்பாட்டையே பகிர்ந்தார். சம்மூன் என்ற படகு வடிவ ரொட்டி, அவித்த மொச்சை, முட்டை.

மதியம் கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் வந்து விடுதிக்காரரிடம் கேள்வி கேட்டாள். எத்தனை அறை, எத்தனை பேர், என்ன படிப்பு. மதம் என்ன என்ற கேள்வி இருந்தது. முஸ்லிம் என்றார். சுன்னியா ஷீஆவா என்ற கேள்வியே பட்டியலில் இல்லை. இனம் என்ன என்றும் கேட்கவில்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். அவள் போனபின் விடுதிக்காரர் சிரித்தார். "கேட்டிருந்தால் நான் என்ன சொல்வது? அம்மா ஆற்றுக்கு அந்தப் பக்கம் அஃழமிய்யா, அப்பா இந்தப் பக்கம் காழிமிய்யா. எங்களை சூஷி என்பார்கள்." சுன்னியில் பாதி, ஷீஆவில் பாதி. பாக்தாதில் இது பழைய கேலி.

வாப்பாவுக்குப் பேச நேரம் கிடைத்தது. 945க்குப் பிறகு புவைஹிகள் என்ற ஷீஆ வம்சத்தார் பாக்தாதைக் கையில் வைத்திருந்த கதையைச் சொன்னார். கலீஃபா சுன்னி, அதிகாரம் ஷீஆக்கள் கையில். 963இல் கடைகளை அடைத்துத் தெருவில் ஆஷூரா துக்கம் காக்க உத்தரவு. கதீர் நாளுக்கு விளக்கு, கொண்டாட்டம். பிற்பாடு சுன்னிப் பகுதிக்காரர்கள் போட்டிக்கு அபூபக்ர் நபியோடு குகையில் இருந்த நாளைக் கொண்டாடினார்கள். அடிதடி, தீ வைப்பு. "வடக்குத் தெரு சப்பரம், தெக்குத் தெரு சப்பரம் கததான்" என்றார். நபி மறைந்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு!

22 நவம்பர், வெள்ளி – பாலம்

காலையில் எல்லாரும் தெருவில். காஹியும் கைமரும் சாப்பிட்டோம். அடுக்கடுக்கான ரொட்டியின்மேல் எருமைப் பாலாடை, சர்க்கரைப் பாகு. வெள்ளிக்கிழமைப் பலகாரம். 4,000 தினார்.

காழிமிய்யாவில் ஷீஆக்களின் ஏழாம் இமாம் மூஸா அல் காழிம் அடங்கியிருக்கிறார். 799இல் ஹாரூன் ரஷீதின் சிறையில் இறந்தவர். திஜ்லா (டைக்ரிஸ்) நதிக்கு எதிர்க்கரை அஃழமிய்யாவில் சுன்னி மத்ஹப்களில் ஒன்றின் இமாம் அபூ ஹனீஃபா. கூஃபாவில் பிறந்தவர், 767இல் ஹாரூனின் பாட்டன் மன்சூரின் சிறையில் இறந்தவர். ஒரே வம்சத்துச் சிறை, இரண்டு கபர், நடுவில் ஆறு. இரண்டையும் இணைப்பது இமாம்கள் பாலம்.

அதை நடந்தே கடந்தோம். 2005 ஆகஸ்ட் 31, மூஸா அல் காழிமின் நினைவு நாள் கூட்டத்தில் தற்கொலைக் குண்டுதாரி என்று யாரோ கிளப்பிய வதந்தியில், இந்தப் பாலத்தில் நெரிந்தும் ஆற்றில் விழுந்தும் 900க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அஃழமிய்யாக் கரையிலிருந்து இளைஞர்கள் குதித்துக் காப்பாற்றினார்கள். அதில் ஒருவர் பலரைக் கரைசேர்த்துவிட்டு, மறுபடி குதித்து, களைத்து மூழ்கிப்போனார். அவர் பெயர் உஸ்மான். அடுத்த பிப்ரவரியில் ஸாமர்ராவில் ஷீஆ இமாம்களின் ஸியாரத்தின் பொற்குவிமாடத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். அதற்கப்புறம்தான் பெயர் பார்த்துக் கொன்ற காலம். பாலம் 2008 நவம்பரில்தான் மறுபடி திறந்தது. நடுப்பாலத்தில் வாப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். தண்ணீர் பழுப்பாக, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. செருப்பு கழன்றது. குனிந்து மாட்டிவிட்டேன்.

அபூ ஹனீஃபா பள்ளியில் ஜும்ஆத் தொழுகை. எல்லாரும் கையைக் கட்டியிருந்தார்கள். வாப்பா ஸஜ்தாவுக்குக் குனிந்தபோது சட்டைப்பையிலிருந்து கண்ணாடிக் கூடு சரிந்தது. பக்கத்தில் இருந்தவர் எடுத்துக் கொடுத்தார், திறந்து பார்க்கவில்லை.

வெளியே தேநீர்க் கடை. கடைக்காரர் இஸ்திகானை வைத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். "அபூ யார்?"

"அபூ ஃபாத்திமா" என்றார் வாப்பா, பழக்க தோஷத்தில்.

"மகன் இல்லையா, ஹாஜி?"

நான் தொண்டையைச் செருமினேன். வாப்பா என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "இருக்கான். இவன்தான்."

"பெயர்?"

சொன்னேன். அவருக்கு அதில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. உள்ளே திரும்பி, அபூ உமருக்கு இன்னும் இரண்டு தேநீர் என்று சத்தம் கொடுத்தார். இரண்டிலும் கால்வாசிக்குச் சர்க்கரை.